இரண்டு டயர்களை மட்டும் இப்போது மாற்றலாமா? வேலூர் உறுப்பினர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்மாவைச் சிகிச்சைக்காகக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அழைத்துச் செல்லும் எங்கள் டிசையர் காரின் முன் டயர்கள் இரண்டும், பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறிகள் மேற்பரப்போடு சமமாகத் தெரியும் அளவுக்கு, அதாவது சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டர் எல்லைக்குத் தேய்ந்துவிட்டன. உள்விளிம்பு கூடுதலாகத் தேய்ந்திருப்பதால் வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்க்க வேண்டியிருக்கும்.

நான்கையும் மாற்ற இப்போது வசதியில்லை. புதிய டயர்கள் இரண்டை வாங்கி, ஈரச் சாலையில் வண்டியின் பின்பகுதி வழுக்காதிருக்க அவற்றைப் பின்னால் பொருத்தி, ஓரளவு நன்றாகவே உள்ள பின் டயர்களை முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். ஒரு கடையில் குறைந்த விலைக்குப் பழைய டயர்களைக் காட்டினார்கள். பக்கவாட்டில் 2318 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. ரப்பரில் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன. நம்மூர் வெயிலில், பெங்களூரு நெடுஞ்சாலையின் வேகத்தில், அம்மாவை உட்காரவைத்து அவற்றை நம்பி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

165/80 ஆர்14 அளவில் நம்பகமான, விலை குறைந்த டயர் எது? தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்க அனுமதித்து, வால்வு, பேலன்சிங் (சக்கர எடையைச் சமன்செய்தல்), அலைன்மென்ட் செலவுகளையும் முன்னதாகவே சேர்த்துச் சொல்லும் கடை காட்பாடி, சத்துவாச்சாரி பகுதிகளில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். தவணை வசதி இருந்தால் பேருதவியாக இருக்கும்.