வெளிநாட்டுக் கம்பஸில் ஆங்கிலம் படிப்பிக்க விண்ணப்பித்த வன்னிக்காரர், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

பரந்தன் பிள்ளை
இரண்டு வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வளைகுடாக் கம்பஸ், பட்டப்படிப்புக்கு முந்திய ஆயத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், சூமில் நேர்முகம், மிச்சம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் சிக்னல் நிற்காது, அறிவியல்நகரில் தோழியின் அறையில் இருந்துதான் கதைத்தேன். 'ஐ லொஸ்ட்', 'ஐ ஹாவ் லொஸ்ட்' இரண்டுக்கும் வித்தியாசத்தை எப்படி விளங்கப்படுத்துவாய் என்று கேட்டார்கள். மேசையில் கிடந்த திறப்பைத் தூக்கிக் காட்டினேன். போன கிழமை தொலைத்தேன் என்றால் அது முடிந்த கதை, தொலைத்துவிட்டு இப்போது வாசலில் நிற்கிறேன் என்றால் அது இன்றைய கதை என்றேன். மூவரும் தலையாட்டினார்கள், ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியாக அவர்தான் கேட்டார், ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா என்று. இல்லை, தமிழ் என்றேன். பேனையை மூடி மேசையில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் இயர்போனில் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

முள்ளியவளை
எனக்கு நேர்முகத்தில் பிரச்சினை இல்லை, ஓமானில் எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் எல்லாவற்றையும் வெளிவிவகார அமைச்சில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொன்னார்கள். என் உயர்தரச் சான்றிதழை 2009இல் அப்பா பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்காலில் இருந்து மெனிக்பாம் முகாம் வரை கொண்டு வந்தவர். ஒரு மூலையில் உப்புத் தண்ணீர்க் கறை. முகாமால் வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அதை லெமினேட் பண்ணியதுதான். யாழ்ப்பாணம் கச்சேரியில் இருக்கிற கொன்சியூலர் அலுவலகத்தில், லெமினேட்டுக்கு மேல் முத்திரை குத்தேலாது தம்பி, பிரதி எடுத்து வாங்கோ என்று சொன்னார்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் அன்று இரவு அப்பா அதை எடுத்து வைத்து பிளேட்டால் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தார், பிளாஸ்டிக்கோடு என் பெயரின் பாதியும் உரிந்து வந்தது. கையில் பிளேட்டோடு அப்படியே இருந்தார். பத்தரமுல்லை பெலவத்தைப் பரீட்சைத் திணைக்களத்தில் புதுச் சான்றிதழ் எடுத்துவிட்டேன், வேலைக்கும் போய் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தேன், ஆனால் அந்த இரவை அவரோடு இன்னும் கதைக்கவில்லை.

வவுனியாச் சேர்
பரந்தன் தங்கச்சி, பேனை மூடியதை வைத்து ஏன் முடிவுக்கு வருகிறீர்கள்? நேரம் முடிந்திருக்கலாம். எனக்கும் இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை, காரணம் என் முதுமாணி தொலைக்கல்வியில் எடுத்தது, வளைகுடாவில் பல இடங்களில் அதை ஏற்கமாட்டார்கள். இனிப் போடுகிறவர்கள் கேளுங்கள். தென்கொரியாவில் மொழி படிப்பிக்கிற ஈ-2 விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற 7 நாட்டவருக்குத்தான், அங்கே போய் முட்டிக்கொள்ள வேண்டாம். கம்பஸ் விரிவுரையாளருக்கு ஈ-1 வேறு, அதற்குப் பட்டமும் அனுபவமும்தான் பேசும். சீனாவுக்கு என்றால் வேலை விசா இசட், சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஐயெல்ட்ஸ் பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லும், விண்ணப்பிக்கும் நேரம் பார்த்து எழுதுங்கள். ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்கான செல்டா பயிற்சி செய்யுங்கள், முழுநேரமாக என்றால் 4 கிழமை, அதில் 6 மணித்தியாலம் உண்மையான வகுப்பு எடுக்க வேண்டும், அதைத்தான் நேர்முகத்தில் தோண்டிக் கேட்பார்கள், இணையத்தில் ஒரு இரவில் வாங்கும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. முடிந்தால் ஆங்கிலம் படிப்பித்தலிலேயே முதுமாணி, அதுவும் கம்பஸுக்குப் போய்ப் படித்தது. உங்கள் வகுப்பு ஒன்றை வீடியோ எடுத்து வைத்திருங்கள். முக்கியமாக, வேலை தருகிற கம்பஸ் உங்களிடம் ஒரு சதமும் கேட்காது.

கனகராயன்குளம்
சேர், அந்தக் கடைசி வசனத்தை 2018இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்ட் ஆள், பெயர் வேண்டாம். அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துக் கொடுத்தேன். நியமனக் கடிதம் வந்தது, முறிகண்டியில் தேங்காயும் உடைத்துவிட்டு வந்து ஆறுதலாக இருந்து வாசித்தேன். இரண்டாம் வரியில் 'யூனிவர்சிட்டி' என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை, அனுப்பிய முகவரி சும்மா ஒரு ஜிமெயில். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போடுகிற பிழை அது. பார்த்தேன். பார்த்தும் தட்டச்சுப் பிழையாக்கும் என்று மடித்து வைத்தேன். காசு போனதை விட அந்த மடித்து வைத்ததுதான் நெஞ்சை அரிக்கிறது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பரந்தன் பிள்ளை
கனகராயன்குளம் அண்ணை, சங்கிலி மீண்டதா? முள்ளியவளை அண்ணை, என்னுடையதும் லெமினேட் பண்ணியதுதான், நல்ல நேரம் சொன்னீர்கள், நான் கை வைக்கவில்லை. சேர், செல்டா விபரத்துக்கு நன்றி, பார்க்கிறேன். ஆனால் நேரம் முடியவில்லை. 45 நிமிடம் தந்திருந்தார்கள், அப்போது 22 நிமிடம்தான் ஆகியிருந்தது, திரையின் மூலையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.