புதுப்பிப்பு: ஊசித் திசு மாதிரியில் கேஐ-67 சதவீதம்

ஒரே மார்பகக் கட்டியின் ஊசித் திசு மாதிரியிலும் அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டியிலும் கேஐ-67 சதவீதம் (புற்றுச்செல்களின் பெருக்கத்தைக் காட்டும் அளவு) வேறுபடுவது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில்களுக்குப் பின் தெளிவானவற்றைச் சேர்க்கிறேன்.

கேஐ-67 என்பது பிரிதல் சுழற்சியில் உள்ள செல்களின் உட்கருவில் காணப்படும் புரதம். ஓய்வுநிலைச் செல்களில் அது இராது. இப்புரதத்தைக் காட்டும் சாயத்தால் நிறமேறிய புற்றுச்செல் உட்கருக்களை, நிறத்தின் அடர்த்தியைப் பாராமல் எண்ணி, மொத்தப் புற்றுச்செல்களால் வகுத்தால் போதும் என்று தோன்றும். சிக்கல், எங்கே எண்ணுவது என்பதில்தான். பெருக்கம் கட்டியெங்கும் சீராக இருப்பதில்லை. விளிம்பில் மிகுந்திருப்பதும் உண்டு. மிகுதியாக நிறமேறிய இடத்தை மட்டும் எண்ணும் ஆய்வகமும், முழுப் பரப்பின் சராசரியை எடுக்கும் ஆய்வகமும் ஒரே கண்ணாடித் தகட்டுக்கு இருவேறு எண்களைத் தருவதில் வியப்பில்லை. (நிணநீர்ச் செல்களும் நிறமேற்கும், அவற்றை விலக்கியே எண்ண வேண்டும்.)

திசு அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலை அடையத் தாமதமானால் சதவீதம் குறையக்கூடும். சிறிய ஊசி மாதிரி விரைவில் பதப்படுவதால், கேஐ-67 குறித்த சர்வதேசப் பணிக்குழு அதையே விரும்புகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றும் புரதம்) உள்ள, ஹெர்2 என்ற வளர்ச்சி ஏற்பி மிகையாக இல்லாத தொடக்கநிலைப் புற்றில் 5 சதவீதமும் அதற்குக் கீழும், 30 சதவீதமும் அதற்கு மேலும் மட்டுமே நம்பத்தக்கவை என 2021 பரிந்துரையில் அது கூறியது. ஆகவே குறைந்த, மிகுந்த பெருக்கத்தைப் பிரிக்க வைக்கப்படும் 14, 20 சதவீதம் போன்ற எல்லைகளை ஒட்டிய ஓரிரு புள்ளி வேறுபாட்டை வைத்து மட்டும் வேதிச்சிகிச்சையை முடிவுசெய்வது, என் கருத்தில், சரியன்று; அங்கே கட்டியின் தரநிலையையும் (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பது) மரபணு வெளிப்பாட்டுச் சோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.