தானமாக வந்த சட்டைக்கு ஏழு பவுண்டா? சாரிட்டி கடை விலைகள் பற்றிய ஒரு வாதம் (நால்வர் புனைபெயர்களில் எழுதியது)

பழஞ்சட்டை:

2003ஆம் ஆண்டு நவம்பரில் நான் இலண்டனில் வந்து இறங்கியபோது கொழும்பில் வாங்கிய ஒரு ஸ்வெட்டர் மட்டுமே என்னிடம் இருந்தது. இந்த ஊர்க் குளிருக்கு அது வெறும் சல்லடை. வேலைக்குப் போகும் வழியில் இருந்த சாரிட்டி கடை ஒன்றில், அதாவது தானமாக வந்த பழம்பொருளை விற்று நற்பணி அமைப்புக்குப் பணம் திரட்டும் கடையில், மூன்று பவுண்டு கொடுத்து வாங்கிய கறுப்பு மேலங்கிதான் ஐந்து குளிர்காலங்களுக்கு என்னைக் காப்பாற்றியது. பிறர் உடுத்ததை உடுத்துவதா என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் வருந்தினார். அந்த வருத்தத்தைப் பொருட்படுத்தும் வசதி அப்போது எனக்கில்லை.

கடந்த சனிக்கிழமை மகளுக்குப் பள்ளிச் சட்டை தேடி எங்கள் கடைத்தெருவில் மூன்று சாரிட்டி கடைகளுக்குள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில், உடுத்திக் கழுத்துப் பட்டி மஞ்சளித்துப்போன வெள்ளைச் சட்டை ஒன்றுக்கு மூன்றரைப் பவுண்டு குறித்திருந்தார்கள். அதே தெருவிலுள்ள பேரங்காடியில் இரண்டு புதுச் சட்டைகள் கொண்ட பொதி ஐந்து பவுண்டுக்குக் கிடைக்கிறது. அடுத்த கடையில் ஒரு பெண்கள் மேற்சட்டையின் உட்புறத்தில், அதைப் புதிதாக விற்ற மலிவுவிலைக் கடையின் ஆறு பவுண்டுச் சீட்டே இன்னும் தொங்கியது. அதன்மேல் ஏழு பவுண்டு என்று இவர்களுடைய சீட்டு.

பொருள் இலவசமாக வருகிறது, அதைப் பிரித்து அடுக்குபவர்களில் பெரும்பாலோர் சம்பளமின்றி உழைக்கிறார்கள், கட்டட வரியில் நூற்றுக்கு எண்பது பங்கு சட்டப்படியே தள்ளுபடியாகிறது, தானமாக வந்த பொருளை விற்றால் வாட் வரியும் கிடையாது. அப்படியிருக்க இந்த விலை எங்கிருந்து முளைக்கிறது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கடைக்காரி:

இலண்டன் ஹரோ பகுதியில் ஒரு சாரிட்டி கடையின் பின்னறையில் ஆறு ஆண்டுகளாகப் பை பிரிக்கும் தன்னார்வலர் என்ற முறையில் எழுதுகிறேன். ஏழு பவுண்டு மேற்சட்டை பற்றி நீங்கள் சொல்வது எங்கள் தரப்புப் பிழை. அதை மறைக்கப் போவதில்லை. சீட்டுக் குத்துபவர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாராகவோ, பள்ளி விடுமுறையில் வந்த பதினாறு வயதுப் பிள்ளையாகவோ இருப்பார். இன்ன வகை உடைக்கு இன்ன விலை என்ற தலைமையகத்தின் பட்டியலைப் பார்த்துக் குத்துவாரே தவிர, அதே உடை புதிதாக என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் பொருள் இலவசம் என்ற வாக்கியத்தை நீங்கள் ஒரு நாள் பின்னறைக்கு வந்து பார்த்தபின் மீண்டும் எழுத வேண்டும். வரும் பைகளைத் தரையில் கொட்டினால் பாதிக்கு மேல் தொங்கவிட முடியாதவை: பூஞ்சை பிடித்த துவாய்கள், ஒற்றைச் சப்பாத்து, துண்டுகள் குறைந்த விளையாட்டுப் பெட்டி, ஒருமுறை உண்மையாகவே அழுக்கு நாப்கின். துணியல்லாத குப்பையை அகற்ற வணிகக் கழிவுக் கட்டணம் செலுத்துகிறோம். தேறியதை ஆவி பிடித்து, அளவு எழுதிய வளையத்தைக் கொக்கியில் மாட்டி, வாரத்துக்கு ஒரு குறியீடு இட்டுத் தொங்கவிடுகிறோம். மூன்று வாரத்தில் விற்காவிட்டால் இறக்கிவிடுகிறோம்.

இறக்கியது கந்தல் வியாபாரிக்குக் கிலோக் கணக்கில் போகிறது. நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கிலோ விலை கடை வாடகைக்குக் கைகொடுத்தது. இப்போது மிக மலிவான புதுத்துணி உலகம் முழுவதும் கொட்டிக் கிடப்பதால் பழையதன் மதிப்பு சரிந்துவிட்டது. கானாவின் அக்ரா நகரிலுள்ள கன்டமன்டோ சந்தை போன்றவைதான் இந்தக் கந்தலின் பெரிய வாய்கள். 2025 சனவரித் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையானது. அந்தத் தீக்கும் ஹரோவில் உங்கள் சட்டை விலைக்கும் நேர்த் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. கீழ்முனையில் கிடைத்த வருமானம் குறைந்தால் மேல்முனையில் அதை ஈட்டச் சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்த உண்மை.

கணக்குப்பிள்ளை:

எண்களைப் பேசாமல் இந்த வாதம் முடியாது. தன்னார்வலர்கள் இருந்தாலும் ஒவ்வொரு கடையிலும் சம்பளம் பெறும் மேலாளர் ஒருவரேனும் இருப்பார். குறைந்தபட்ச மணிநேர ஊதியம் 2023 ஏப்ரலில் 23 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 10.42 பவுண்டாக இருந்தது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 12.21 ஆயிற்று. அதே 2025 ஏப்ரலில் ஊழியர் சம்பளத்தின்மேல் முதலாளி அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்புறுதி விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்ததோடு, அது தொடங்கும் வருமான வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாகக் கீழிறங்கியது. ஆண்டுக்கு 26,000 பவுண்டு பெறும் மேலாளர் ஒருவருக்காக முன்பு 2,332 பவுண்டு கட்டிய நிறுவனம் இப்போது 3,150 பவுண்டு கட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான கடைகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

விளைவு கண்முன்னே தெரிகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்கோப் அமைப்பு தன் 138 கடைகளில் 77 கடைகளை மூடப்போவதாக 2025 சனவரியில் அறிவித்தது. புற்றுநோய் ஆய்வுக்கான கேன்சர் ரிசர்ச் யூகே, 2027க்குள் ஏறத்தாழ 190 கடைகளை மூடும் திட்டத்தை வெளியிட்டது. இவை பேராசை பிடித்துக் கொழுத்த கடைகளாக இருந்தால் ஏன் மூடுகின்றன?

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏழைக்கு மலிவாக உடை தருவது இந்தக் கடைகளின் நோக்கம் என்று நாமாகக் கருதிக்கொண்டோம். புற்றுநோய் அமைப்பின் கடை புற்றுநோய் ஆய்வுக்காகப் பணம் திரட்டுகிறது. ஐந்து பவுண்டுக்கு விற்கக்கூடியதை இரண்டு பவுண்டுக்கு விற்றால், மீதி மூன்று பவுண்டை ஆய்வகத்திலிருந்து எடுத்து உங்களுக்குக் கொடுத்ததாகவே அறங்காவலர்கள் கணக்கு வைக்க வேண்டும்.

பழஞ்சட்டை:

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கணக்கு சரியாகவே இருக்கட்டும். அதில் ஒரு பற்று விடுபட்டிருக்கிறது. எண்பது சதவீத வரித்தள்ளுபடி யாருடைய பணம்? பக்கத்தில் தையற்கடை வைத்திருப்பவர் செலுத்துவதை இவர்கள் செலுத்துவதில்லை. எஞ்சிய இருபதையும் உள்ளூர்க் கவுன்சில் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். கடைத்தெருவில் ஓர் இடத்தைப் பொதுமக்கள் தங்கள் செலவில் தாங்கிப் பிடிக்கும்போது, அந்த மக்களில் கையில் காசில்லாதவர் அக்கடைக்குள் நுழைந்து ஏதேனும் வாங்க முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பிச்சை கேட்பதாகாது.

விற்பவை முற்றிலுமாகவோ பெரும்பாலுமோ தானப் பொருள்களாக இருக்க வேண்டும் என்பது அச்சலுகையின் நிபந்தனை. இப்போது உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது என்ன? வாழ்த்து அட்டை, புதுக் காலுறை, சாக்லேட், வாசனை மெழுகுவர்த்தி. நிபந்தனையை மீறுகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஓர் ஓரத்தில் இருந்த ஐம்பது பென்ஸ் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெழுகுவர்த்தி அடுக்கியபோது, யாரை இனி வரவேண்டாம் என்று சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இரவுவேலை:

கொவென்ட்ரியில் படித்துக்கொண்டே கிடங்கில் இரவு வேலை பார்ப்பவன் நான். இங்கே எல்லோரும் திட்டத் தயங்கும் ஆள் ஒருவன் இருக்கிறான், அது நானே. சாரிட்டி கடைகளில் வாங்கி, பழைய உடைகள் கைமாறும் வின்டட் என்ற இணையதளத்தில் விற்கிறேன். மாதத்துக்கு நூறு பவுண்டு அளவுக்கு மிஞ்சும். அது என் பேருந்துச் செலவு. என்னைப் போன்றவர்களால்தான் விலை ஏறியது என்று மேலாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அதில் பாதி உண்மை. நாங்கள் ஐந்து பவுண்டுக்கு வாங்கி இருபதுக்கு விற்றதைக் கண்ட கடை, அந்த இருபதைத் தானே பெற நினைப்பது இயல்பு. தவறு அதைச் செய்யும் முறையில் இருக்கிறது. சீட்டுக் குத்தும் முன் கைபேசியில் ஈபே என்ற இணையச் சந்தையைத் திறக்கிறார்கள். அங்கே மக்கள் கேட்கும் விலையைப் பார்க்கிறார்களே தவிர, விற்று முடிந்த விலையைப் பார்ப்பதில்லை. ஒரு மேலங்கிக்கு நாற்பது கேட்டுவிட்டு ஓராண்டாக விற்காமல் வைத்திருப்பவர் அங்கே ஏராளம். உண்மையில் அது பதினாறுக்குத்தான் போயிருக்கும். அதுவும் நாடு முழுவதும் தேடும் ஆயிரக்கணக்கானோரில் சரியான அளவுக்காரர் ஒருவர் அகப்பட்டதால். ஒரு தெருக்கடைக்கு ஒரு நாளில் வருபவர் நூறு பேர். இணையத்தின் விலையை அந்த நூறு பேரிடம் கேட்டால் பொருள் மூன்று வாரம் தொங்கிவிட்டுக் கந்தலுக்குத்தான் போகும். கடைக்காரி அக்கா, உங்கள் கடையில் இப்படி நடப்பதில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

கடைக்காரி:

சொல்ல முடியாது, தம்பி. போன மாதம் முப்பது பவுண்டு குறித்த தோல் கைப்பை ஒன்று இரண்டு முறை குறைக்கப்பட்டு எட்டுக்குப் போனது. முதலிலேயே பன்னிரண்டு போட்டிருந்தால் அன்றே விற்றிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் நீங்கள் வாங்குபவர் பக்கத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். தருபவர் பக்கம் அதைவிட அதிகமாக மாறியிருக்கிறது. முன்பு அலமாரியை ஒழிப்பவர் நல்லதையும் கெட்டதையும் ஒரே பையில் போட்டு எங்கள் வாசலில் வைப்பார். இப்போது நல்லதை வின்டட்டில் தாமே விற்றுக்கொள்கிறார். அங்கே விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஈபேயும் 2024இல் தனிநபர் விற்பனைக் கட்டணத்தை நீக்கிவிட்டது. ஆகவே எங்களிடம் வருவது அங்கே விலைபோகாத மிச்சம். பத்துப் பையில் இரண்டு நல்ல பொருள் அகப்பட்டால், மற்ற எட்டுப் பையின் சுமையையும் அந்த இரண்டின் தலையில் ஏற்றுகிறார்கள். எங்களுக்கு வரும் அரிதான நல்ல பொருளைக் கடைக்கே வராமல் இணைய விற்பனைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவும் உண்டு. இணையக் கடையை வறுமை ஒழிப்பு அமைப்பான ஆக்ஸ்ஃபாம் 2007இலேயே தொடங்கிவிட்டது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தெருக்கடையில் தொங்குவது ஏன் மங்கலாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இதுதான்.

கணக்குப்பிள்ளை:

இதோடு கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வரி கட்டும் ஒருவர் படிவத்தில் ஒப்பமிட்டுப் பொருளைத் தந்தால், கடை அவருடைய முகவராக விற்று, கிடைத்த தொகையை அவர் கொடையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை வரித்துறையிடம் பெறுகிறது. நான்கு பவுண்டுச் சட்டை ஐந்தாகிறது. அதிக விலைக்கு விற்றால் அதிகம் திரும்ப வருகிறது.

பழஞ்சட்டை:

அதாவது, அதற்கும் பொதுப்பணம்தான் சேர்கிறது. என் வாதத்துக்கு நீங்களே சான்று தருகிறீர்கள், ஐயா.

கணக்குப்பிள்ளை:

சான்று தருவதில் எனக்குத் தயக்கமில்லை, முடிவில்தான் வேறுபடுகிறேன். அந்தச் சலுகைகள் அமைப்பின் நற்பணிக்காகத் தரப்பட்டவை. கோயில் உண்டியல் பணத்தைக் கோயில் வாசலில் செருப்பு வாங்க வந்தவருக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அவருக்கும் தேவை இருக்கலாம். உண்டியலில் போட்டவர் அதற்காகப் போடவில்லை.

பழஞ்சட்டை:

போட்டவர் எதற்காகப் போட்டார் என்பதில்தான் நீங்கள் தவறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் தாயார் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த ஆண்டுகளில், பழந்துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வரும் பாத்திரக்காரரைப் பற்றி அடிக்கடி சொல்வார். நான்கு பழைய புடவைக்கு ஓர் எவர்சில்வர் தூக்கு. அங்கே இரு தரப்பும் பேரம் பேசின. துணிக்கு என்ன மதிப்பு என்று இருவருக்கும் தெரியும். இங்கே சாரிட்டி கடை வாசலில் பையை வைப்பவர் பேரமே பேசுவதில்லை. ஏன்? அவர் மனத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்: ஒருவர் நோயாளி, இன்னொருவர் அந்த மேலங்கியைப் போடப்போகிறவர். அந்த இரண்டாவது ஆள் ஆறு பவுண்டுப் பொருளை ஏழுக்கு வாங்கினார் என்று தெரிந்தால், அடுத்த பை வின்டட்டுக்குத்தான் போகும். கடைக்காரி அம்மா சொன்ன சரிவுக்கு வின்டட் மட்டும் காரணமில்லை. இந்த விலைச்சீட்டும் ஒரு காரணம்.

இரவுவேலை:

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் வீட்டு உரிமையாளர் அம்மையார், தான் கொடுத்த கோப்பைகள் பதினெட்டுப் பவுண்டுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கடைக்காரி:

பழஞ்சட்டை அவர்களின் இந்தக் கடைசிக் கருத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் எல்லா விலையையும் இறக்கினால் உங்களுக்கு முன்பாகத் தம்பி போன்றவர்கள் காலை ஒன்பதரைக்கே வந்து அள்ளிக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கோபிக்காதீர்கள், தம்பி. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மறுவிற்பனைக்காரர் எவரும் திரும்பிப் பார்க்காத, ஆனால் குடும்பங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும் பொருள் எது? பள்ளிச் சீருடை. அதற்கு மட்டும் ஒரு பவுண்டு என்று உடை தொங்கவிடும் தண்டு ஒன்றை ஒதுக்கினால் எங்கள் வருமானத்தில் பெரிய ஓட்டை விழாது. திங்கட்கிழமை மேலாளரிடம் கேட்கப் போகிறேன். வட்டார மேலாளரிடம் கேட்க வேண்டும் என்பார், அதுவும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

சீருடைக்கு என் ஆட்சேபம் இல்லை. மூன்றரைப் பவுண்டுக்கு விற்காமல் கந்தலுக்குப் போகும் சட்டையை ஒரு பவுண்டுக்கு விற்பது இலாபம்தான். இதைத் தருமம் என்று அழைக்காமல் கணக்கு என்று அழைத்தால் வட்டார மேலாளர் விரைவாக ஒப்புக்கொள்வார். ஆனால் இங்கிலாந்துப் பள்ளிகளே பழைய சீருடை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. பழஞ்சட்டை அவர்கள் மகளின் பள்ளியில் விசாரித்தாரா?

பழஞ்சட்டை:

விசாரித்தேன். வரவேற்பறையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் சென்ற ஆண்டு தொலைந்துபோன என் மகளின் கம்பளிச் சட்டைதான் இருந்தது.

கடைக்காரி அம்மா, எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் இரண்டு பை துணி கிடக்கிறது. அதில் சிறிதாகிப்போன சீருடைகளும் உண்டு. உங்கள் வட்டார மேலாளர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். அதுவரை பையைக் கட்டியே வைத்திருக்கிறேன்.