24 மி.மீ.-இல் வலது ஓரம் மட்டும் மங்குகிறது: கிட் லென்ஸின் குறையா, சோதித்த முறையின் குறையா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழாக்களையும் திருமணங்களையும் படம் எடுத்து வருகிறேன். அண்மையில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்றை, அதனுடன் சேர்த்து விற்கப்படும் 24–105 மி.மீ. எஃப் 4 கிட் லென்ஸோடு புதிதாக வாங்கினேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் உறவினர்களை வரிசையாக நிறுத்தி 24 மி.மீ.-இல், அதாவது இந்த லென்ஸின் மிக அகலக் கோணத்தில், எடுத்த படங்களைக் கணினியில் நூறு விழுக்காட்டு அளவில் பார்த்தால், இடது ஓரத்தில் நிற்பவரின் சேலைக் கரையில் ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது; வலது ஓரத்தில் நிற்பவரின் சேலையிலோ அதே ஜரிகை வெறும் மஞ்சள் பட்டையாகக் குழைந்து போகிறது.

வீட்டுச் சுவரில் நாளிதழ்த் தாள்களை ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து எடுத்துப் பார்த்தபோதும் வலது பக்க எழுத்துகளே மங்கலாக வந்தன. வாங்கிய கடையில் காட்டினேன். கிட் லென்ஸ் என்றால் ஓரம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. இது லென்ஸின் குறைதான் என்று எப்படி உறுதி செய்வது?

மறுமொழி (ஈப்போ)

தம்பி, கிட் லென்ஸின் ஓரங்கள் நடுப்பகுதியை விடச் சற்று மென்மையாக இருப்பது இயல்பு என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்த மென்மை இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், லென்ஸுக்குள் ஏதேனும் ஒரு கண்ணாடி சாய்ந்தோ மையம் விலகியோ இருக்கலாம். உள்ளே கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகரும் ஜூம் லென்ஸ்களில், ஒரே வகை லென்ஸின் பிரதிகளுக்கிடையே கூட இத்தகைய வேறுபாடு ஜூம் செய்ய முடியாத ஒற்றைக் குவிய நீள லென்ஸ்களை விட அதிகமாக இருக்கும். லென்ஸ்களை வாடகைக்கு விடும் அமெரிக்க நிறுவனமான லென்ஸ்ரென்டல்ஸைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே வகை லென்ஸின் பல பிரதிகளைக் கருவியில் அளந்து இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

ஆயினும் உங்கள் சுவர்ச் சோதனையை இப்போதைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. 1.8 மீட்டர் அகலமுள்ள சுவர்ப் பகுதியைப் படத்தில் நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 4 டிகிரி திரும்பியிருந்தாலே ஃபோகஸ் தளத்திலிருந்து (தெளிவாகப் பதியும் தளத்திலிருந்து) சுவரின் இரு ஓரங்களுக்கும் இடையே 12 செ.மீ.-க்கு மேல் வேறுபாடு வந்துவிடும், அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. இதைச் சரிபார்க்கச் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழும்வரை முக்காலியை நகர்த்துங்கள். பிறகு ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி, அதே முறையில் நேர்ப்படுத்தி, இன்னொரு படம் எடுங்கள். தலைகீழான கேமராவுக்கு வலது என்பது சுவரின் இடது பக்கம். மங்கல் படச் சட்டத்தின் (கேமரா காணும் பரப்பின்) வலப்புறத்திலேயே நின்றால் குறை லென்ஸிலோ கேமராவிலோ இருக்கிறது. சுவரின் பழைய இடத்திலேயே நின்றால் சுவரும் கேமராவும் நேராக இல்லை. சில மென்பொருள்கள் தலைகீழ்ப் படத்தைத் தாமாகவே திருப்பிக் காட்டும் என்பதால், எந்தப் பக்கம் எது என்பதைத் தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி (தெலுக் இந்தான்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் ஒரு மீட்டர் தொலைவில் நாளிதழைப் படம் எடுப்பவர் அல்லர். மக்களையும் கோபுரத்தையும் எடுப்பவர். அருகில் ஒரு மாதிரியும் தொலைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் ஜூம் லென்ஸ்கள் பல உண்டு. ஆகவே நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள, நுண்ணிய கோடுகள் கொண்ட ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: கோபுரக் கலசம், தோட்டத்துப் பெயர்ப்பலகை, செம்பனை மட்டைகளின் நுனி, எதுவானாலும் சரி. அதை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, முக்காலித் தலையைத் திருப்பி அதே பொருளை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் விழச் செய்து எடுங்கள். நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட வேண்டாம். இடத்தையும் வலத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். ஃபோகஸ் தளம் வளைந்திருக்கும் லென்ஸில் இரு ஓரங்களும் ஒருசேர மங்கும். அது அமைப்பின் இயல்பே தவிரப் பழுதன்று.

நேரத்தையும் கவனியுங்கள். விடியற்காலையில் தோட்டத்தில் பனிமூட்டம் படத்தின் தெளிவை விழுங்கிவிடும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையிலிருந்து எழும் வெப்பக்காற்று கோடுகளை நெளிய வைக்கும். எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட பொழுதே ஏற்றது. குளிர்சாதன அறையில் இருந்த லென்ஸை வெளியே கொண்டுவந்ததும் எடுக்காதீர்கள். முன்கண்ணாடியில் படியும் ஈரம் போகும்வரை காத்திருங்கள். யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தியை அணைத்து, ஐ.எஸ்.ஓ. 100-இல், இரண்டு விநாடித் தாமதத்தோடு, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள்.

மறுமொழி (கோலகங்சார்)

எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துளை சிறுக்கும். எஃப் 4, எஃப் 8 ஆகிய இரண்டிலும் எடுத்தால் போதும். எஃப் 16-க்கு மேல் எடுத்து லென்ஸைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரான் அகலம். எஃப் 16-இல் ஒளி விளிம்பு விலகலால், அதாவது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், ஒரு புள்ளியே 21 மைக்ரான் அளவுக்குப் பரந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அங்கே தப்ப முடியாது.

வேறொரு லென்ஸ் கையில் இருந்தால் அதையும் அதே கேமராவில் பொருத்திப் பாருங்கள். அதிலும் வலது ஓரமே மங்கினால் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) அல்லது சென்சார் (படம் பதியும் தகடு) சாய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது லென்ஸை மட்டும் அனுப்பிப் பயனில்லை. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பற்றியிருக்குமோ என்ற ஐயமும் எழலாம். கைப்பேசி விளக்கை லென்ஸின் வழியே பாய்ச்சிப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்துவிடும். ஆனால் பூஞ்சை பெரும்பாலும் படம் முழுவதையும் வெளிறச் செய்யுமே ஒழிய, ஒரு பக்கத்தை மட்டும் மங்கச் செய்வது அரிது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தோட்டத்துப் பள்ளியின் பெயர்ப்பலகையை எதிர்த்திடலிலிருந்து எடுத்தேன். 24 மி.மீ., எஃப் 4-இல் பலகை இடது ஓரத்தில் விழுந்தபோது எழுத்துகளின் சுழிகள் தெளிவாக இருந்தன. வலது ஓரத்தில் அவை ஒரு பக்கமாக இழுத்துத் தேய்த்தாற்போல் இருந்தன. எஃப் 8-இல் வேறுபாடு குறைந்தது, ஆனால் மறையவில்லை. கேமராவைத் தலைகீழாக வைத்தபோதும் மங்கல் சட்டத்தின் வலப்புறத்திலேயே நின்றது. 50 மி.மீ.-இலும் 105 மி.மீ.-இலும் இரு ஓரங்களும் ஒத்திருக்கின்றன. நண்பரிடம் இரவல் வாங்கிய 50 மி.மீ. லென்ஸில் இக்குறை இல்லை. விளக்கு வைத்துப் பார்த்ததில் பூஞ்சையும் இல்லை.

மறுமொழி (ஈப்போ)

அப்படியானால் லென்ஸின் அகலக் கோணப் பகுதியில் சாய்வு இருக்கிறது, கேமரா நன்றாக இருக்கிறது. ஜூம் செய்யும்போது கண்ணாடித் தொகுதிகள் இடம் மாறுவதால், 24-இல் தெரியும் குறை 50-இல் ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை.

கடையோடு வாதாடாமல், தயாரிப்பாளரின் அதிகாரபூர்வச் சேவை நிலையத்துக்கே உத்தரவாத அட்டையோடும் ரசீதோடும் அனுப்புங்கள். ‘படம் தெளிவாக இல்லை’ என்று பொதுவாக எழுதினால், நடுப்பகுதியைச் சோதித்துவிட்டு அளவுக்குள் இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். ‘24 மி.மீ., எஃப் 4, தொலைவு ஃபோகஸ், வலது ஓரம் இடது ஓரத்தை விட மங்கல், தலைகீழாக வைத்தாலும் அதே பக்கம்’ என்று எழுதி, இடம், வலம், தலைகீழ் ஆகிய மூன்று ரா கோப்புகளையும் இணையுங்கள்.

லென்ஸ் போய்த் திரும்பும்வரை திருமண வேலை இருந்தால் அந்த 50 மி.மீ. லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன்பே வேலை வந்துவிட்டால், குழுப் படங்களை 35 மி.மீ., எஃப் 8-இல் ஒருமுறை சோதித்துவிட்டு எடுங்கள்; ஒன்றரை மடங்கு பின்னால் நகர வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தில் நிற்பவர்கள் 24 மி.மீ.-இல் பருத்துத் தெரிவதும் அதனால் குறையும். அது எந்த லென்ஸிலும் உள்ளது, அதற்காக யாரையும் சேவை நிலையத்துக்கு அனுப்ப முடியாது. பழுது பார்த்து வந்ததும் அதே திடலிலிருந்து அதே பலகையை எடுத்துப் பார்க்கும்வரை இப்போதைய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.