ஸ்பாமலாட்: லண்டன்ல பாத்தாச்சு, இப்ப ஒரு சின்ன ட்ரூப் போடறாங்க, மறுபடி போலாமுங்களா?

திருப்பூர்_பனியன்:
வணக்கமுங்க. 2007ல பையர் மீட்டிங்குக்கு லண்டன் போனப்ப பேலஸ் தியேட்டர்ல ஸ்பாமலாட் மியூசிக்கல் பாத்தனுங்க. மான்டி பைத்தான்ங்கற இங்கிலீசு காமெடி குரூப்போட 1975 படத்த வெச்சு அந்த குரூப்புல ஒருத்தரான எரிக் ஐடில் எழுதுனது, புனிதக் கிண்ணத்த தேடிப் போற பழைய இங்கிலாந்து ஆர்தர் ராஜா கதைய ஒரே கிண்டல். குதிரைக்கு பதிலா பின்னாடி ஒருத்தன் தேங்கா தொட்டிய டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு வர்றான், ராஜா குதிரையே இல்லாம சவாரி பண்றாரு, நமக்கு பாதி இங்கிலீசு புரியலீன்னாலும் வவுறு நோவ சிரிச்சேன். இப்ப நியூஜெர்சில பாப்பா வீட்டுக்கு போறோம், அங்க லோக்கல் ட்ரூப் ஒண்ணு இதையே போடறாங்களாம், எல்லாரும் பகல்ல வேலைக்கு போயிட்டு பொழுதோட ரிகர்சல் பண்றவங்க. எங்கூட்டம்மா "பாத்ததையே எதுக்கு மறுபடி பாக்கோணும்"ங்கறா. வேற வேற ப்ரொடக்‌ஷன் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

நொய்யல்_கரை:
போங்கண்ணா, தாராளமா போங்க. நான் 2023ல நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்கற பிராட்வேல மறுபடி போட்டப்ப செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர்ல பாத்தேன். ஸ்க்ரிப்ட் அதேதான், ஆனா ராஜாவுக்கு ஒத்தாசை பண்ற ஏரித் தேவதையா வர்ற அம்மணி மாறுனா ஷோவே மாறிடும்ங்க. 2005 பிராட்வேல சாரா ராமிரெஸ், அதுக்கு பிராட்வே நாடகத்துக்கு குடுக்கற டோனி அவார்டே குடுத்தாங்க. லண்டன்ல மொதல்ல ஹன்னா வாடிங்கம். நான் பாத்தது லெஸ்லி ராட்ரிகஸ் க்ரிட்சர், அந்தம்மா பாட்டுக்கு நடுவுல இஷ்டத்துக்கு சேட்டை பண்ணும், ஆனா தொண்டைய தொறந்தா நெசமாவே பெரிய பாடகி. ரெண்டாவது பாதில "என்னைய ஏன்டா இவ்ளோ நேரம் மேடைக்கு கூப்டல"ன்னு சண்டை போட்டு ஒரு பாட்டு பாடும் பாருங்க, அத உசுர குடுத்து பாடுனாத்தான் சிரிப்பு வரும், நான் காமெடி பண்றேன்னு மூஞ்சிய கோணிக்கிட்டா செத்துது. ராஜாவும் அப்படித்தான், தன்னைய நெச ராஜான்னே நெனச்சுக்கோணும். லோக்கல் ட்ரூப்ல இத மட்டும் பாருங்க, செட்டு கிட்டெல்லாம் அப்பறம்.

ஈரோடு_மஞ்ச:
எனக்கு அவ்ளோ ஒட்டல. அமெரிக்கால ஒரு தியேட்டர்ல பாத்தேன், பக்கத்துல இருந்தவன் படத்த மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான், நடிகர் வாய தொறக்கறதுக்கு முன்னாடி இவனே டயலாக்க சொல்லி இவனே சிரிச்சுக்கறான். அப்பறம் இதுல பாதி ஜோக்கு மத்த மியூசிக்கல்கள கிண்டல் பண்றது. காதல் பாட்டு ஒண்ணு, இந்த மாதிரி பாட்டு எல்லா ஷோலயும் வரும்னு பாட்டுலயே சொல்லிக்கிட்டு ராகத்த ஏத்திக்கிட்டே போவாங்க, பெரிய பெரிய மியூசிக்கலுக்கு மியூசிக் போட்ட ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் பாட்டெல்லாம் கேட்டிருந்தாத்தான் அது புரியும். நம்மூர்ல அண்ணன்மார் கதைய ராத்திரி பூரா உடுக்கைல கேட்டவனுக்குத்தான அத கிண்டல் பண்ணா சிரிப்பு வரும்? லாஸ் வேகாஸ்ல 2007ல இடைவேளை இல்லாம ஒன்றரை மணி நேரமா சுருக்கி போட்டாங்க, அதுதான் சரியான சைசுன்னு நெனைக்கறேன்.

பொள்ளாச்சி_தொட்டி:
ஏனுங்க மஞ்ச, மொதல்ல அத்தன பேரும் இங்கிலாந்துங்கறத பின்லாந்துன்னு காதுல வாங்கிக்கிட்டு மீன எடுத்து ஒருத்தர ஒருத்தர் அறைஞ்சுக்கிட்டு ஆடறாங்களே, அதுக்கும் வெப்பர கேட்டிருக்கோணுமா? 😄

பனியன் அண்ணா, சின்ன ட்ரூப்புதான் இதுக்கு எச்சு பொருத்தம்னு நான் சொல்வேன். படத்துல தேங்கா தொட்டி வந்ததே குதிரைக்கு காசில்லாமத்தான். கருப்பு வீரனோட கையி காலு வெட்டறது, கொலைகார முயலு, இதெல்லாம் பெரிய தியேட்டர்ல மெசினு வெச்சு சுத்தமா பண்ணிப்புடுவாங்க. நான் பாத்த அமெச்சூர் ஷோல முயலு கைல மாட்டுற பொம்மை, உள்ள இருக்கறவரோட சட்டை கையே தெரியுது, சனம் அதுக்குத்தான் நெம்ப சிரிச்சுது. அப்பறம் நம்ம சரக்குக்கு பெரும வேணும்னா, நீங்க லண்டன் போன அதே 2007 ஏப்ரல்ல ட்ரஃபால்கர் சதுக்கத்துல 5,567 பேரு சேந்து தொட்டி தட்டி கின்னஸ் சாதனை பண்ணிருக்காங்க. பொள்ளாச்சில தொட்டிய கரி சுடத்தான் அனுப்பறோம், நாம நெனச்சா ஒரு சந்தை நாள்ல முறியடிக்கலாம்.

முன் வரிசை சீட்டு மட்டும் பாத்து எடுங்க, கடைசில ராஜா தேடற கிண்ணம் ஒருத்தரோட சீட்டுக்கு அடில கெடைச்சு அவர மேடைக்கு இழுத்துட்டு போவாங்க.

திருப்பூர்_பனியன்:
அட ஆமாங்க, லண்டன்லயும் ஒருத்தர இழுத்தாங்க! எங்கூட்டம்மாவுக்கு முன் வரிசையே எடுத்துடறேன், சொல்லாம. பேரனுக்கு எட்டு வயசு, கூட்டிட்டு போலாமுங்களா?

நொய்யல்_கரை:
எட்டுன்னா வேண்டாங்கண்ணா, கெட்ட வார்த்த, ரெட்டை அர்த்தமெல்லாம் உண்டு. ஸ்கூல் பசங்க போடறதுக்குன்னு ஒரு மணி நேர வெர்ஷன் தனியா இருக்கு, "யங் அட் பார்ட்"னு பேரு. போஸ்டர்ல அது போட்டிருந்தா கூட்டிட்டு போங்க, இல்லீன்னா பாப்பாகிட்ட விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.