ஒரு சதவீதம்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு

கணக்குப்பிள்ளை:
நிதி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் பற்றித் தம்பி இளமாறன் நேற்று எழுதிய ஒரு வரி என்னை இரவு தூங்க விடவில்லை. “ஆண்டுக்கு ஒரு சதவீதம் கொடுப்பதற்கே கணக்குப் பார்க்கிறவர்களிடம் கடைசியில் கணக்குதான் மிஞ்சும், பணம் மிஞ்சாது” என்று அவர் எழுதியிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தணிக்கைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், கணக்குப் பார்ப்பது இழிவு அல்ல என்பதை முதலில் பதிவு செய்கிறேன். இனி அந்தக் கணக்கையே பார்ப்போம். 100 அலகுப் பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் 761 ஆகும். அதிலிருந்து ஆலோசகர் ஆண்டுதோறும் மொத்த இருப்பில் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 6 சதவீதம் மட்டும் வளர்ந்தால் 574 ஆகும். குறைவது 187, அதாவது இறுதித் தொகையில் ஏறத்தாழக் கால் பங்கு. ஒன்று என்று சொல்லிக் கால் பங்கைக் கொண்டு போகிறவரைப் பிற தொழில்களில் ஆலோசகர் என்று அழைப்பதில்லை.

இளமாறன்:
ஐயா, தங்கள் தூக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன். ஆனால், ஆலோசகர் இல்லாதவருக்கு 7 சதவீதம் கிடைத்தே தீரும் என்று தங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற எண்ணைப் பிறகு தேடியிருக்கிறீர்கள். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வான்கார்ட் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஆலோசகரால் முதலீட்டாளருக்குச் சுமார் 3 சதவீதம் கூடுதல் பலன் கிடைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றைக் கொடுத்து மூன்றை வாங்குவதற்கும் கசக்கிறது என்றால், கரும்பு தின்னக் கூலி கேட்கும் வகையில்தான் தங்களைச் சேர்க்க வேண்டும்.

செந்தூரன்:
வான்கார்டே ஆலோசனைச் சேவையை விற்கிற நிறுவனம் என்பதைத் தாங்கள் மறந்தீர்களா, மறைத்தீர்களா? குடை விற்கிறவரிடம் மழை வருமா என்று கேட்டு வந்து எங்களுக்குச் சொல்கிறீர்கள். அந்த 3 சதவீதம் ஆண்டுதோறும் கிடைப்பதன்று, எப்போதாவது வரும், உறுதியும் இல்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. கட்டணம் அப்படியா வருகிறது? அது ஆண்டு தவறாமல் வரும். என் தாயாருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் இருபது ஆண்டு காப்பீட்டுத் திட்டத்தை விற்ற ஒருவரும் தம்மை நிதி ஆலோசகர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். முதல் ஆண்டுத் தவணையில் அவருக்குப் போன தரகு எவ்வளவு என்பது, இடையில் நிறுத்த முயன்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தேன்மொழி:
நான் பதினோரு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். தரகு வாங்குவதில்லை, கட்டணம் மட்டுமே பெறுகிறேன். செந்தூரன் அவர்களின் தாயாருக்கு நேர்ந்தது விற்பனை, அதை ஆலோசனை என்று சொல்வதை ஏற்க மாட்டேன். இந்த இரண்டையும் பிரிப்பதற்காகவே பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 2013 முதல் இத்தகைய தரகைத் தடை செய்தார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சதவீதக் கட்டணத்தை எதிர்க்கிறாரா, மணிக்கணக்குக் கட்டணத்தையும் எதிர்க்கிறாரா, தரகை எதிர்க்கிறாரா என்று தெளிவுபடுத்தினால் பேசுவதற்கு ஒரு தளம் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:
தளம் ஏற்கெனவே இருக்கிறது, அம்மா. 761, 574, குறைவது 187. இதில் எந்த எண் தவறு என்று சொல்லுங்கள். வகை பிரித்துப் பேசுவது வழக்குரைஞருக்கு அழகு, எனக்குக் கூட்டல் கழித்தல் போதும். பணவீக்கத்தைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். 7 சதவீத வளர்ச்சியில் 4 சதவீதத்தை விலைவாசி தின்றுவிட்டால் உண்மையில் நமக்கு வருவது சுமார் 3தான். அந்த மூன்றில் ஒன்று ஆலோசகருக்கு என்றால், என் பணத்தின் உண்மையான வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு அவர் கூட்டாளி ஆகிறார். இலாபத்தில் பங்கு வாங்கும் கூட்டாளி நட்டத்திலும் பங்கேற்பதுதான் முறை. சந்தை 20 சதவீதம் விழுந்த ஆண்டிலும் அவர் தம் ஒரு சதவீதத்தை எடுக்காமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.

இளமாறன்:
சொன்னதையே திரும்பச் சொன்னால் அது மெய்யாகிவிடாது. தங்கள் 187ஐயே எடுத்துக்கொள்வோம். அவ்வளவும் ஆலோசகரின் பைக்குப் போனதுபோல் எழுதுகிறீர்கள். முப்பது ஆண்டுகளிலும் ஆண்டுத் தொடக்கத்து இருப்பில் அவர் வாங்கிய ஒரு சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். 100 அலகுக்கு மொத்தம் 79தான் வருகிறது. மீதி 108 எங்கே போனது? தணிக்கையாளர் அவர்களே, அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
மகிழ்ச்சியோடு சொல்கிறேன். அந்த 79 என்னிடம் இருந்திருந்தால் அது ஈட்டியிருக்கக்கூடிய வளர்ச்சிதான் அந்த 108. என் மாட்டைக் கொண்டு போனவர், மாட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு, அது ஈன்றிருக்கக்கூடிய கன்றுகளுக்குப் பொறுப்பில்லை என்று வாதிடுவதுபோல் இருக்கிறது தம்பியின் பேச்சு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். நான் 187 என்று அளந்தேன், இவர் 79 என்று அளக்கிறார். இரண்டு அளவும் என் பையிலிருந்து போனதைத்தான் காட்டுகின்றன.

பூங்கோதை:
நான் எண்களில் வல்லவள் அல்ல, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் திடீரென்று இறந்தபோது எங்கெங்கே என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மூன்று கடன்கள், இரண்டு காப்பீடுகள், எவருடைய பெயரில் என்று தெரியாத வைப்புகள். உறவினர்கள் ஆளுக்கு ஒரு யோசனையும், சிலர் ஆளுக்கு ஒரு கோரிக்கையும் கொண்டு வந்தார்கள். ஓர் ஆலோசகர்தான் நான்கு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதைத் தொடாமல் வைப்பது, உறவினர்களிடம் எந்தச் சொல்லால் மறுப்பது என்பது வரை சொல்லிக் கொடுத்தார். அவருக்கு இன்றும் ஒரு சதவீதம் கொடுத்து வருகிறேன். அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

கணக்குப்பிள்ளை:
அம்மையாரின் துயரத்துக்குத் தலைவணங்குகிறேன். அவருடைய ஆலோசகர் செய்த வேலையையும் மதிக்கிறேன். ஆனால், அந்த வேலை நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். கூரை வேய்ந்தவருக்குக் கூலி கொடுப்பது நியாயம், இரட்டைக் கூலி கொடுத்தாலும் நியாயம். அதற்காக ஆண்டுதோறும் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றி அவர் கையில் கொடுப்பதை நான் நன்றி என்று சொல்ல மாட்டேன். பணம் இரட்டிப்பானால் ஆலோசகரின் உழைப்பும் இரட்டிப்பாகிறதா? கட்டணம் மட்டும் ஏன் இரட்டிப்பாகிறது? ஒரு சதவீதம் என்ற சொல்லின் சூழ்ச்சியே இங்கேதான் இருக்கிறது.

தேன்மொழி:
அப்படியானால் ஒருமுறைக் கூலியைத் தாங்கள் ஏற்கிறீர்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிற எங்களைப் போன்றவர்களை எதற்காகத் தாக்குகிறீர்கள் என்று இப்போதாவது சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை:
நான் எவரையும் தாக்கவில்லை, ஒரு சதவீதத்தைத்தான் தாக்குகிறேன். அது தங்களுக்குச் சுடுகிறது என்றால் காரணம் எனக்குத் தெரியாது.

தேன்மொழி:
எனக்குச் சுடவில்லை, சலிப்பாக இருக்கிறது. தாங்கள் பார்க்க மறுக்கும் கணக்கு ஒன்று உண்டு. பார்பர், ஓடின் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டியது. ஓயாமல் வாங்கி விற்ற குடும்பங்கள் 11.4 சதவீதம்தான் ஈட்டின. ஆறரை சதவீதம் போனது. அதைப் பெரும்பாலும் தம் கையாலேயே தொலைத்தார்கள். ஒரு சதவீதத்துக்காக இத்தனை பத்தி எழுதுகிற தாங்கள் அந்த ஆறரைக்காக ஒரு வரி எழுதக் கூடாதா? இளமாறன் குறிப்பிட்ட ஆய்விலும் அந்த மூன்றில் ஏறத்தாழப் பாதி, முதலீட்டாளர் பதறி முடிவெடுக்காமல் தடுப்பதால் வருவதாகத்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

செந்தூரன்:
தடுக்கிறவர்களே பதறாமல் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கனடாவில் ஆயிரக்கணக்கான ஆலோசகர்களின் சொந்தக் கணக்குகளைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. வாடிக்கையாளரைப் போலவே அவர்களும் அண்மையில் ஏறியதன் பின்னால் ஓடினார்கள், செலவு மிகுந்த முதலீட்டு நிதிகளையே தமக்கும் வாங்கினார்கள். நம்மை ஏமாற்றினார்கள் என்றால்கூட ஒரு திறமை இருக்கிறது என்று ஆறுதல் அடையலாம். இவர்கள் தம்மையே அல்லவா ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! அறியாமைக்கும் ஒரு சதவீதம் கொடுக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
செந்தூரன் என் வேலையைக் குறைத்துவிட்டார். இன்னொன்றும் இருக்கிறது. பொருளியலாளர் முல்லைநாதன் உள்ளிட்ட மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஆலோசகர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், செலவு குறைந்த குறியீட்டு நிதியில் நல்ல முறையில் பணம் வைத்திருந்தவர்களிடமும் அதை மாற்றச் சொல்லித்தான் ஆலோசகர்கள் பேசினார்கள். காரணம் வெளிப்படை, மாற்றினால்தான் கட்டணம். தேன்மொழி அவர்கள் காட்டிய ஆறரை சதவீத இழப்புக்கு மருந்து, ஓயாமல் வாங்கி விற்காமல் இருப்பது. சும்மா இருப்பதற்கு நான் ஏன் இன்னொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டும்? சும்மா இருக்க எனக்கே தெரியும்.

இளமாறன்:
இந்த வரிக்காகத்தான் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தங்களுக்குத் தெரியுமா? 2020 மார்ச்சில் உலகச் சந்தைகள் சில வாரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தபோது, “இது நூற்றாண்டு வீழ்ச்சி, நான் வெளியே வந்துவிட்டேன், புத்தியுள்ளவர்கள் பின்தொடரலாம்” என்று நம் எல்லாருக்கும் எழுதியவர் யார்? அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. தாங்கள் எப்போது திரும்ப உள்ளே வந்தீர்கள் என்பதை மட்டும் இன்றுவரை எழுதவே இல்லை. அந்த ஆண்டு என் ஆலோசகர் என்னிடம் சொன்னது ஒரே சொல், “தொடாதீர்கள்.” அந்தச் சொல்லுக்கு நான் ஒரு சதவீதம் கொடுத்தேன். தாங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
தனிப்பட்ட செய்திகளைக் கிளறுவது வாதத்தில் தோற்றவர்களின் பழக்கம். உண்மையில் நான் விற்றது பாதியைத்தான், அதுவும் குடும்பத் தேவைக்காக. தங்கக் காசு பற்றிய பழைய வாதத்தில் நான் இவருடைய தவறைச் சுட்டிக்காட்டியதிலிருந்து தம்பிக்கு என்மேல் ஒரு மனக்குறை இருக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அது இருக்கட்டும். ஒருமுறை பதறியவன் ஒருமுறை இழக்கிறான். ஆண்டுதோறும் ஒரு சதவீதம் கொடுப்பவன் முப்பது முறை இழக்கிறான். 761இலிருந்து 574ஐக் கழிக்கும் வேலையை இதுவரை எவரும் மறுக்கவில்லை.

இளமாறன்:
பாதியா? அன்றைக்கு “முழுவதும்” என்றல்லவா எழுதியிருந்தீர்கள்? குடும்பத் தேவையும் அன்றைக்கு இல்லை, இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது.

பூங்கோதை:
நான் கேட்பதற்கு ஒருவராவது பதில் சொல்லுங்கள். என் ஆலோசகரிடம் ஒருமுறைக் கட்டணத்துக்கு மாறலாமா என்று கேட்டால் அவர் தவறாக எடுத்துக்கொள்வாரா?

செந்தூரன்:
அந்த 187 கால் பங்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஐயா. தாங்கள் இறுதித் தொகையில் பார்க்கிறீர்கள். போட்ட 100ஐக் கழித்துவிட்டு இலாபத்தில் மட்டும் பார்த்தால் 661இல் 187, அதாவது 28 சதவீதம். நம் பக்கத்துக் கணக்கையே தாங்கள் குறைத்துச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
செந்தூரன், நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன். இறுதித் தொகையில் 24.5 சதவீதம் என்பதைத்தான் கால் பங்கு என்று எழுதினேன், “ஏறத்தாழ” என்ற சொல்லையும் வைத்திருந்தேன். தணிக்கையில் அடிப்படைத் தொகை எது என்பதை அறிக்கை எழுதுகிறவர்தான் தீர்மானிப்பார்.

செந்தூரன்:
அதைத்தான் ஆலோசகர்களும் சொல்கிறார்கள்.

தேன்மொழி:
பூங்கோதை அவர்களே, தாராளமாகக் கேளுங்கள். தவறாக எடுத்துக்கொண்டால் அதுவே தங்களுக்கு ஒரு தகவல்.

கணக்குப்பிள்ளை:
வாடிக்கையாளர் பிடிக்கும் வேலையை இங்கே செய்ய வேண்டாம் என்று தேன்மொழி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செந்தூரனுக்கு 24.5 எப்படி வந்தது என்பதை ஆண்டு வாரியாக, முப்பது வரிகளில், நாளைக் காலை எழுதுகிறேன்.