காப்பகத்துல மரம் நட வேண்டாம்னுட்டாங்க, செடி பிடுங்கத்தான் வரச் சொல்றாங்க. கிளாஸ் பசங்கள எப்படி கூட்டிட்டுப் போறது?

சில்வண்டு:
வணக்கம் மக்களே. எங்க கிளாஸ்ல ஒரு இருபது பேர் சேர்ந்து சனிக்கிழமைல பக்கத்து இயற்கை காப்பகத்துக்குப் போய் வாலண்டியரா ஏதாவது பண்ணலாம்னு பேசினோம், எல்லார் மனசுலயும் இருந்தது மரம் நடறதுதான், ஒருத்தன் பேனரே டிசைன் பண்ணிட்டான். அங்க இருக்கற பொறுப்பாளர்கிட்ட போய்க் கேட்டா மனுஷன் மரமே வேண்டாம்ப்பா இது புல்வெளி, உண்ணிச்செடி (லான்டானாங்கற களை) பிடுங்க ஆள் இருந்தா வாங்க, அதுவும் ஒரு நேரத்துல எட்டு பேருக்கு மேல வேண்டாம்னுட்டார். பாதி பேருக்கு சப்புன்னு ஆயிடுச்சு, களை எடுக்கவா விடியக்காலைல எந்திரிக்கணும்னு குரூப்ல ஓட்டிட்டு இருக்காங்க. நிஜமாவே மரம் நடறத விட இது உபயோகமா? என்ன எடுத்துட்டுப் போகணும்? மீதி பேர என்ன பண்றது? பாம்பு பத்தியும் யாராவது சொல்லுங்க, வெளிய காட்டிக்கல, உள்ளுக்குள்ள உதறுது.

ஆள்காட்டி:
அந்தப் பொறுப்பாளர் விவரமானவர் தம்பி, அவர் சொல்றத அப்படியே கேளுங்க. புல்வெளின்னா ஏதோ மரம் இல்லாம சும்மா கெடக்கற இடம்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி எல்லாம் தரையிலயே முட்டை வைக்கற சாதி, அங்க கொண்டு போய் மரத்த நட்டா நிழல்ல புல்லு போயிடும், அந்தக் கிளையில காக்காவும் வல்லூறும் உக்காந்து கீழ இருக்கற குஞ்ச சுலபமா தூக்கிடும். ஆள்காட்டி முட்டைய பார்த்திருக்கீங்களா? கூடுன்னு ஒண்ணும் இருக்காது, லேசா ஒரு பள்ளம், அதுல மண்ணு கலர்ல கருப்புத் திட்டு போட்ட நாலு முட்டை, பக்கத்துல இருக்கற கூழாங்கல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது, குனிஞ்சு பார்த்தாலும் கண்ணுக்கு சிக்காது. ஒரு பறவை தலைக்கு மேல சுத்தி சுத்தி கத்துதுன்னா போட்டோ எடுக்க நிக்காம வந்த வழியே மெதுவா திரும்பிடுங்க. எட்டு பேர்னு அவர் சொன்னதும் இதுக்காகத்தான் இருக்கும், இருபது பேரு நாப்பது காலு, எது எங்க மிதிக்குதுன்னு யாரு பார்ப்பா.

கடப்பாரை:
உண்ணிச்செடி வேலைய லேசா எடுத்துக்காதீங்க ப்ரோ, செம உடம்பு வலி வரும். பூ அழகா இருக்குன்னு அமெரிக்கப் பக்கத்துல இருந்து தோட்டத்துல வைக்கக் கொண்டு வந்தது, இப்ப உலகத்துலயே மோசமான 100 அந்நிய இனங்கள்னு ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்காங்களே, அதுல இதுவும் ஒண்ணு. அரிவாளால மேலாக்க வெட்டுறது சுத்த வேஸ்ட், வெட்டின இடத்துல இருந்து இன்னும் அடர்த்தியா துளிர்க்கும். மண்ணுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு மூணு நாலு விரக்கடை ஆழத்துல, வேரும் தண்டும் சேர்ற முட்டி இருக்கும், அதுக்கும் அடியில வேர வெட்டி முழுசா நெம்பித் தூக்கணும். தூக்கினத தரையில போட்டா மழை வந்ததும் திரும்ப வேர் பிடிக்கும், அதனால வேர் மேல பார்க்கற மாதிரி தலைகீழா கவுத்து வைங்க, காஞ்சிடும். பழம் கருப்பா பழுக்கறதுக்கு முன்னாடி போறது நல்லது, சின்னான் குருவி அத தின்னுட்டு காடு பூரா விதைச்சிட்டு வரும்.

முக்கியமான விஷயம், ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்க. ஒரு நாள் எடுத்துட்டு போட்டோ போட்டுட்டு போயிட்டா அடுத்த மழைக்கு மண்ணுல இருக்கற விதை எல்லாம் முளைச்சு நிக்கும். ஒரு துண்டு நிலத்த உங்க கிளாஸ் பேருக்கு கேட்டு வாங்கிக்கோங்க, முழங்கால் உயரத்துல இருக்கறப்பவே கையால பிடுங்கிடலாம், கடப்பாரையே தேவைப்படாது. கிளவுஸ் தோல்ல வாங்குங்க, துணி கிளவுஸ்ல முள்ளு உள்ள வந்திடும்.

தும்பி அக்கா:
மீதி பன்னிரண்டு பேருக்கு வேலையா இல்ல? சுத்தம் பண்ணின இடத்துல என்னென்ன முளைக்குது, என்ன பறவை வருதுன்னு யாராவது எழுதி வைக்கணும்ல. வரப்பு வழியா நடந்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல செடி பூச்சி போட்டோ ஏத்துங்க, பறவைக்கு ஈபேர்ட். பேர் தெரியலன்னாலும் ஏத்தலாம், தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க. பிடுங்கற எட்டு பேர வாரா வாரம் மாத்திக்கோங்க, இல்லேன்னா கடப்பாரை பிடிச்சவன் எல்லாம் போட்டோ குரூப்ப திட்டுவான்.

பாம்புக்கு: கணுக்கால மூடற ஷூ, முழு பேன்ட், கையில ஒரு கம்பு. புதர தட்டி ஒரு நிமிஷம் நின்னுட்டு அப்புறம் கைய வைங்க, கண்ணுக்குத் தெரியாத இடத்துல கை விடவே கூடாது. மீறி கடிச்சுட்டா கயிறு கட்டறது, கீறி உறியறது எதுவும் வேண்டாம், மோதிரம் வளையல கழட்டிட்டு கை கால அசைக்காம நேரா விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரின்னு முதல் நாளே விசாரிச்சு குரூப்ல போட்டு வைங்க. நடைமுறையில நீங்க பாம்ப விட உண்ணியத்தான் (செடி இல்ல, ரத்தம் உறியற பூச்சி) அதிகமா பார்ப்பீங்க, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு அக்குள் எல்லாம் பாருங்க. பார்த்தீனியம் இருந்தா ஆஸ்துமா இருக்கறவங்க அந்தப் பக்கமே வேண்டாம்.

மூங்கில்:
எல்லாரும் சொல்றது சரி, ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். உண்ணிப் புதர்லயே கூடு கட்டின பறவையும் இருக்கும், பட்டாம்பூச்சி தேனுக்கு அதுலதான் வரும். ஒரே மூச்சுல எல்லாத்தையும் வழிச்சு எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, எடுத்த இடத்துல அந்த மண்ணோட புல் வந்ததுக்கு அப்புறம் அடுத்த துண்டு. கூடு தெரிஞ்சா அந்தப் புதர விட்டுட்டு நகருங்க.

சில்வண்டு:
எல்லாருக்கும் நன்றிங்க. கடப்பாரை அண்ணன் போட்டத அப்படியே குரூப்ல தட்டிவிட்டேன், தலைகீழா கவுக்கறது மட்டும் பசங்களுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. எட்டு பேர் லிஸ்ட் ரெடி, துண்டு நிலம் கேட்டு நாளைக்கு அவர பார்க்கப் போறோம். பேனர் போட்டவன் மட்டும் இன்னும் பேசல. அப்புறம் ஒரு டவுட்டு, கடப்பாரை நாமளே கொண்டு போகணுமா, அங்கயே குடுப்பாங்களா?

கடப்பாரை:
அவர்கிட்டயே கேட்டுக்கோங்க ப்ரோ, அனுமதி இல்லாம கருவிய உள்ள எடுத்துட்டுப் போனா கேட்லயே நிறுத்திடுவாங்க.